கட்டைமேல் நின்ற படகின் வேகம்

மழைக்காலத்துக்காகக் கரையேற்றி, மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தியிருந்த அந்தச் சின்னப் பாய்மரப் படகு மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வேகமானி அப்படித்தான் காட்டியது. பாயை விரித்து நல்ல காற்றில் விட்டாலே ஐந்தைத் தாண்டாத படகு அது.

படகில் பாதி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அண்ணனுக்கும், மீதி சலவைக்கடை நடத்திய தங்கைக்கும் சொந்தம். தங்கையின் புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் கிடப்பவர் என்பதால், வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ப் பக்கமே திரும்ப மாட்டார். அண்ணனுக்கோ ஒரு பொருள் பழுதென்று தெரிந்துவிட்டால் சோறு இறங்காது. பேட்டரியை மாற்றினார்; பன்னிரண்டு. ஒயரை மாற்றினார், பன்னிரண்டு. புது டயல் வாங்கி மாட்டினார். அதிலும் முள் நேராகப் பன்னிரண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியாகப் படகுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அடிப்பாகத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் உண்டு. படகு ஓடும்போது தண்ணீர் அதைச் சுற்றும், அந்தச் சுற்றைத்தான் மேலே டயல் வேகமாகக் காட்டும். அந்தச் சக்கரம் வெறும் காற்றில் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தார், ஈரம். நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு.

விஷயத்தைக் கண்டுபிடித்தது தங்கைதான். புருஷன் ஏதாவது துறைமுகத்திலிருந்து ஃபோன் பண்ணும் நாட்களில் மட்டும் முள் பூஜ்யத்தில் கிடப்பதைக் கவனித்திருந்தாள்.

“அண்ணா, இது ரிப்பேர் இல்ல. அவரு கப்பல் போற வேகம்.”

“அதுக்கு என் படகுதானா கிடைச்சுது?”

“பாதி என்னோடதுதானே.”

பருவம் வந்து படகைக் கடலில் இறக்கியபோது, தங்கள் வேகத்தைத் தண்ணீர் விலகுவதைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆண்டுகள் அப்படியே போயின. தங்கை காலையில் கடை திறப்பதற்கு முன் வந்து முள்ளைப் பார்ப்பாள், மனசு நிறைந்து போவாள். படகுத்துறைக் காவலாளிகூட எதிரே வருகிறவர்களிடம் “சமையல்காரர் இன்னிக்குப் பதினொண்ணுல போறார்” என்று சொல்லி அனுப்புவார். யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு ஒரு புயல் வருஷம். படகு கட்டைமேல் நின்றது. காலையில் முள் நடுங்கியது. பத்துக்கு வந்தது, ஆறுக்கு வந்தது, மத்தியானத்துக்குள் பூஜ்யத்தில் விழுந்தது. கப்பல் கரை சேர இன்னும் வெகு தூரம் இருந்தது. ஃபோன் வரவில்லை. கம்பெனியில் கேட்டால், கப்பலோடு தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, கிடைத்ததும் சொல்கிறோம் என்றார்கள். மறுநாளும் அதே பதில். தங்கை கடையைச் சாத்திவிட்டு வந்து, படகுக்கு அடியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லேன், அண்ணா.”

இத்தனை காலம் பழுதை விரட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஒரு பழுது அகப்பட்டால் போதுமென்று தேடினார். பேட்டரி நன்றாக இருந்தது. ஒயரில் ஒரு கீறல்கூட இல்லை. டயலைப் பிரித்தார், உள்ளே எல்லாம் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“என்னண்ணா?”

“பார்த்துட்டு இருக்கேன்மா.”

மிச்சமிருந்தது சக்கரம் ஒன்றுதான். கடையில் உபயோகிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் அச்சை உற்றுப் பார்த்தார். நீல நிறத்தில் ஒரு நைலான் இழை, தலைமுடி கனத்தில், இறுகச் சுற்றியிருந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி பொருத்தும் சாமணத்தால் நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் வருமென்று நினைத்தார். ஒரு முழம் வந்தது, பிறகு இரு கையையும் விரித்த நீளத்துக்கு வந்தது. தங்கையும் எழுந்து வந்து கை கொடுத்தாள். இழை கயிறாகத் தடித்தது, கயிறு மீன்வலையாக விரிந்தது. ஈரம் சொட்டச் சொட்ட, மீன்செதிலும் உயிரோடு இரண்டு நண்டுமாக, முழங்கால் உயரத்துக்கு வலை குவிந்தது. கடைசிப் பிடி உருவி வந்ததும் சக்கரம் ஒருமுறை உதறிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

தங்கை ஏணியில் தாவி மேலே ஏறினாள். “ரெண்டு!” என்று கத்தினாள். “அண்ணா, நாலு! ஏழு வந்துடுச்சு!” அவர் கீழே சேற்றிலேயே உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார்.

மறுநாள் சாயங்காலம், வழியில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்கி, புருஷன் ஃபோன் பண்ணினார். கடலில் யாரோ விட்டுப்போன வலை கப்பலின் சுழல்விசிறியில் சிக்கி எஞ்சின் நின்றுபோனதையும், புயல் ஆன்டெனாவை ஒடித்துப் போட்டதையும், கப்பல் கட்டையாக மிதந்ததையும் சொன்னார்.

“ஒருத்தர் முங்கி அறுக்கலாம்னு கயிறு கட்டிட்டு நின்னாரு. அதுக்குள்ள அதுவா விட்டுடுச்சு.”

“அதுவா விடல. அண்ணன் எடுத்தாரு.”

“மச்சான்கிட்ட குடு” என்றார் புருஷன். அண்ணன் ஃபோனை வாங்கியதும் புருஷன் சொன்னார்: “மச்சான், இன்னும் ஒரு ரெண்டு சேர்த்து ஓட வைக்க முடியுமான்னு கேப்டன் கேக்கச் சொன்னாரு.”

வலையைக் குப்பை வண்டி இரண்டு நடையாக ஏற்றிப் போயிற்று.

சில வருஷங்களில் புருஷன் கப்பல் வேலையை விட்டுவிட்டு, உள்ளூரில் ஓர் அலுவலகத்துக் கேன்டீனில் சேர்ந்தார். முள் ஓய்ந்துவிடவில்லை, இரண்டரையில் நின்றது. அது அவர் நடக்கிற வேகம். வழியில் பேச ஆள் கிடைத்தால் பூஜ்யத்துக்கு வரும், மழை பிடித்தால் நாலைத் தொடும். ஒருநாள் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணன் படகடிக்குப் போய்ச் சக்கரத்துக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வந்தார். சாயங்காலம் வலி விட்டது. எதனால் விட்டதென்று வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. மாத்திரையும் தீரும் வரை போடப்பட்டது, எண்ணெயும் வாராவாரம் விடப்பட்டது.