சமீரின் குரல் இருந்த வட்டு

1
இந்தக் கதை ஒரு பிழை அறிக்கையிலிருந்து வந்தது. 2003-இல் அதிராம்பட்டினத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்துக்காக அதை எழுதினேன். அதன் தொடர்ச்சியாக ஒரு பொய்யும் எழுதினேன். [ஒன்றுதானா? பார்ப்போம்.]

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: “கடற்காற்று வீசும் அந்தச் சிறு நகரத்தில்…” அடித்துவிட்டேன். காற்றுக்கு இதில் வேலையில்லை.

அடுத்து: “லத்தீஃபா பொறுமைசாலி, எதையும்…” அதையும் அடித்தேன். அவரைப் பொறுமைசாலியாக்கினால் எனக்குத்தான் வசதி.

நடந்தது இது. லத்தீஃபாவின் கணவர் சமீர் ஜித்தாவிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே பதிலைப் பதிந்து, அங்கே திரும்புகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவது வழக்கம். மகள் பிறந்ததற்கு அவர் பேசி அனுப்பியதை மட்டும் என் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கச் சொன்னார் லத்தீஃபா. ஏற்றினேன். கேசட் பதிலோடு போய்விட்டது.

3
கோப்பமைப்பு என்பது, எந்தக் கோப்பு வட்டில் எங்கே கிடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் காட்டும் ஏற்பாடு. அந்த இயங்குதளத்தைச் செய்பவர்கள் புதிதாக ஒன்றை உருவாக்கி, சோதித்துச் சொல்லக் கேட்டிருந்தார்கள். இழந்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும் இதில் வையுங்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. (படித்தேன். வினாத்தாளை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளி என்னுடையது. இரண்டு முறை படித்தேன்.)

கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் என்னாகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு நான் சுவிட்சைத் தொடவே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குத் தானாகவே போகும். பெரிய கோப்புதான் தேவைப்பட்டது. கடையில் இருந்ததிலேயே பெரியது சமீரின் பேச்சு. நகல் வைக்காமல் அதையே புதிய அமைப்புக்கு மாற்றினேன். போனால் அடுத்த கேசட் வருமே என்று நினைத்தேன். கேசட் என்றாலே அழித்துப் பேசுவதுதானே எங்களுக்கு.

மின்சாரம் திரும்பியபோது கோப்பின் பெயர் இருந்தது, அளவு இருந்தது. உள்ளே வெறும் பூஜ்யங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, எண்ணிட்ட ஏழு பத்திகளில் அறிக்கை அனுப்பினேன். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: இவ்வளவு தெளிவான அறிக்கை வந்ததில்லை, பிழையைப் பிடித்துவிட்டோம், முக்கியமான எதையும் நீங்கள் இழக்கவில்லையே?

அந்தக் கேள்வி வந்த அன்று காலையில்தான் சமீர் சாலை விபத்தில் இறந்த செய்தியும் வந்திருந்தது. அங்கேயே அடக்கமாம்.

இல்லை, சோதனைக்கான கோப்புதான் என்று எழுதினேன்.

4
சமீரின் பெட்டியோடு கேசட் திரும்பி வந்தது. அதில் இருந்தது லத்தீஃபாவின் குரல்.

கணவனை இழந்தவர் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்ததும், லத்தீஃபா கைக்குழந்தையோடு கடைக்கு வந்தார்.

“டேவிட்சண்ணே, புள்ள அதோட வாப்பா குரலக் கேக்கட்டும். போடுங்க.”

என் தப்பு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “நீங்க கொண்டாந்தப்பவே கேசட்டுல ஒண்ணும் இல்லம்மா. அப்ப சொல்ல மனசு வரல.”

குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார். “அப்ப நாந்தான் அழிச்சிட்டேனா?”

நான் திரையை அணைத்தேன்.

“அந்தப் பட்டனெல்லாம் எனக்கு எப்பவுமே கொழம்பும்ணே,” என்றார், எனக்குச் சாதகமாக.

[இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.]

5
ஒரு முடிவு: போய்ச் சொல்கிறேன், அவர் மன்னிக்கிறார். இது என் ஆசை, கதையில்லை.

இன்னொன்று: அந்தக் கோப்பமைப்பு இன்று நம்பகமாக ஓடுகிறது, சோதித்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது, ஆகவே… வேண்டாம். அசிங்கம்.

மகள் தஹ்மீனாவுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். வீட்டில் சண்டை வந்தால், “வாப்பா குரலையே அழிச்சவதானே நீ” என்கிறாளாம். லத்தீஃபா அப்படியே அடங்கிவிடுகிறாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

லத்தீஃபாவுக்குக் கடிதம் எழுதினால் மகளுக்குக் காட்டமாட்டார். என் மானத்தைக் காப்பாற்றுவார். மகளுக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். “அன்புள்ள” என்பதைத் தாண்டவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் அந்தப் பெண்ணைத் தெரிந்தவர் யாராவது இருப்பீர்கள். நான்காம் பகுதியை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதற்காகத்தான் பெயர்களை மாற்றவில்லை.