உச்சிமாகாளியின் வலது முழங்கால்

கொல்லத்து முந்திரி ஆலைக்குப் பந்து விளையாடப் போனபோது உச்சிமாகாளிக்குப் பதினெட்டு வயது. ஆலை முதலாளி பெண்கள் கால்பந்து அணி ஒன்று வைத்திருந்தார். காலையில் பருப்பு தரம் பிரிக்கும் வேலை, சாயங்காலம் பயிற்சி, மாதம் பிறந்தால் சம்பளம். கீழப்பாவூரில் சொந்தக்காரர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. பெரியப்பா ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்.

“ஏலே நல்லக்கண்ணு, பொட்டப்பிள்ளைக்கு டவுசர மாட்டி ஊரு ஊரா ஓடவிடப் போறியோ? நாளைக்கு எவம்லே கட்டுவான்?”

அவள் அப்பா நல்லக்கண்ணு பட்டாளத்திலிருந்து திரும்பி வயல் பார்த்துக்கொண்டிருந்தவர். அண்ணனை எதிர்த்துப் பேசி அறியாதவர். அன்றைக்கு, “அவ போவட்டும்ணே” என்று மட்டும் சொன்னார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

முதல் வருடமே கோட்டயம், திருச்சூர் என்று போன இடமெல்லாம் உச்சி கோல் போட்டாள். இரண்டாம் வருடம், எண்பத்து மூன்று ஆனியில், பயிற்சியின்போது வலது முழங்கால் பிசகியது. சில மாதங்களுக்கு ஓடவே கூடாது என்றார் டாக்டர். அணி மேனேஜருக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவாரென்று, வெறும் சுளுக்கு என்று சொல்லி மறைத்தாள். அறைத்தோழியான கோல்கீப்பர் ஹாஜரா பீவிக்கு மட்டும் தெரியும். அவள் தென்காசிக்காரி.

ஆடி மாதம் குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் குளிக்க வரும் கூட்டத்தை நம்பி, தென்காசியில் டிக்கெட் போட்டு மதுரை அணியோடு ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவதாக உச்சி முடிவு செய்திருந்தாள். ஆனால் ஆட்டத்தன்று காலையில், தங்கியிருந்த லாட்ஜுக்கு அப்பா வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“ஏட்டி, அண்ணன் வாராரு. வீட்டோட எல்லாரும் வேன் பிடிச்சு வாராவ. நானே போயிக் கூப்பிட்டேன். ஒரு தடவ வந்து பாருங்க, பெறவு திட்டுங்கன்னேன்.”

அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“முன்னால போயி உக்காருங்கய்யா” என்றாள்.

அவர் போனதும் ஹாஜரா எரிந்து விழுந்தாள். “கிறுக்காட்டி ஒனக்கு? இந்தக் கால வச்சுக்கிட்டு எப்பிடி ஆடுவ?”

“எங்கய்யா மொகத்தப் பாத்தேல்லா?”

ஹாஜரா அவள் முழங்காலை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

மைதானம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் ஆட்டம் பார்க்க வரவில்லை. பெண்களின் காலைப் பார்க்க வந்திருந்தார்கள். விசிலும் அசிங்கமான பேச்சும் கிளம்பின. உச்சி எதையும் காதில் வாங்கவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்பு இருவரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டாள். அப்போதும் ஒருவன் ஏதோ கத்தினான். முன்வரிசையில் ஆவுடையப்பன் எழுந்து திரும்பினார்.

“எவம்லே அது? அது எங்க வீட்டுப் பிள்ளலே!”

அது உச்சிக்குக் கேட்டது. பக்கத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில், “போதும்ட்டி, வீங்கிட்டு, உக்காந்துரு” என்று ஹாஜரா கெஞ்சினாள். உச்சி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி இறங்கினாள்.

ஈரப் புல்லில் பந்தை வாங்கித் திரும்பியபோது கால் அப்படியே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. விழுந்தவள் எழவில்லை. நடிக்கிறாள் என்று கூட்டம் சிரித்தது. அவள் அலறியபிறகுதான் அடங்கியது. அப்பா ஓடிவந்து தூக்கினார். ஆவுடையப்பன் அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தபடி கூடவே வந்தார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், நடக்கலாம், இனி விளையாட முடியாது என்றார்கள். அப்பா கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“முந்தியே வலி இருந்துச்சாமே. அந்தப் பிள்ள அழுதுக்கிட்டே சொல்லுது. நான் வந்ததுக்காவவா ஆடுன?”

“இல்லய்யா. நீங்க வரலன்னாலும் ஆடிருப்பேன்.”

அவர் தலையாட்டினார். நம்பவில்லை. வீடு வந்த பிறகு, அவள் காலை இழுத்து நடக்கும் சத்தம் கேட்டாலே அவர் எழுந்து வயலுக்குப் போய்விடுவார்.

புரட்டாசியில் ஹாஜரா, உச்சியின் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டு உச்சி கேட்டாள்.

“பூட்ஸு எங்கட்டி?”

ஹாஜரா குனிந்துகொண்டாள். “புதுசா ஒரு பிள்ள வந்திருக்கா. மேனேஜரு அவளுக்குக் குடுத்துட்டாரு. ஒன் அளவுதான்.”

“நல்லா ஆடுதாளா?”

“ஆடுதா.”

உச்சி உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். ஹாஜராவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வரப்பில் அப்பா நின்றிருந்தார்.

“என்ன சொல்லுதா?”

“ஒண்ணுமில்லய்யா. சும்மா பாக்க வந்தா.”

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு முன்னால், மெதுவாக நடந்தார்.