நடுக்கொல்லையில் விட்ட கரும்பு

கரும்பு வெட்டும் நாளில் இருசம்மாள் தண்ணீர் குடிக்க மாட்டாள். விடிகாலையில் வாய் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. வெயில் ஏறி, உதடு வெடித்து, கட்டுக் கட்டிக் கட்டித் தலை சுற்றினாலும் தண்ணீர்க் கேன் பக்கம் திரும்ப மாட்டாள். கச்சிராயபாளையத்தைச் சுற்றி வெட்டுக்குப் போகும் பெண்கள் பல பேர் இப்படித்தான். காலையில் கரும்பு ஆளை மறைத்து நிற்கும். உள்ளே போய் வந்துவிடலாம். உச்சி வெயிலுக்குள் கரும்புக் கொல்லை மொட்டையாகிவிடும். ஒரு பக்கம் லாரிக்காரன், எதிரே தார் ரோடு, அதில் டவுன் பஸ். குடித்துவிட்டு எங்கே போவது?

அவள் புருஷன் மாயவன்தான் அந்த வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி. கேனை ஈரச் சாக்கில் சுற்றி, தலையில் வைத்துக் கொண்டுவருவான். ஊரில் எந்த மேஸ்திரியும் பெண்டாட்டிக்காகத் தண்ணீர் சுமந்ததில்லை.

"ஒரு வாயி குடியேன் இருசா."

"நீ குடி. நீ எந்தப் பக்கம் வேணாலும் திரும்பி நிப்ப. ஆம்பள."

"டாக்டரம்மா இன்னா சொல்லிச்சி?"

"அந்தம்மா ஆஸ்பத்திரியில கக்கூஸ் கீது. சொல்லும்."

இந்த வெட்டுக் காலத்தில் அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் மூன்று முறை வந்துவிட்டது. நீர்க்கடுப்பில் ஆரம்பித்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது முறை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எழில்மதி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மாயவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: தண்ணீர் குடிக்கவில்லை என்றால் கிட்னி கெட்டுப்போகும்.

மறுநாளே மாயவன் ஆட்களிடம் சொன்னான்: "ரெண்டு பக்கமும் வெட்டிக்கினு வாங்க. நடுவுல ஒரு திட்டு அப்பிடியே நிக்கட்டும். கடைசியா பாத்துக்கலாம்."

எதற்கு என்று ஆண்கள் யாரும் கேட்கவில்லை. பெண்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று மதியம் இருசம்மாள் கேனைத் தூக்கி, கழுத்து நனையக் குடித்தாள். கூட வேலை செய்யும் செவ்வந்தி, "பொண்டாட்டிக்குக் கோட்ட கட்டிக் குட்த்துட்ட போல மாமா!" என்று கத்த, கொல்லையே சிரித்தது. மாயவன் கத்தியைத் தீட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

ஆனால் கடைசி லாரி முன்னாலேயே வந்துவிட்டால் திட்டு வெட்டாமல் நின்றுவிடும். மறுநாள் அதற்கென்று ஒரு வண்டி திரும்ப வரவேண்டும். அப்படி ஒரு நாள் நின்றதும், வெட்டை மேற்பார்க்கும் சர்க்கரை மில் பீல்டுமேன் ராஜாங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா மாயவா இது? நடுவுல குடுமி வச்சிக்கினு கீது கொல்ல?"

இன்னொரு ஆம்பளையிடம், அதுவும் மில்லுக்காரரிடம், பெண்டாட்டி ஒன்றுக்குப் போகும் இடம் என்று மாயவன் எப்படிச் சொல்வான்?

"பாம்பு சார்," என்றான். "கண்ணாடி விரியன். உள்ள பூந்துகிச்சி."

அடுத்த கொல்லையிலும் திட்டு நின்றது, அங்கேயும் பாம்பு. அதற்கடுத்த கொல்லையில் ஜோடிப் பாம்பு. ராஜாங்கம் நல்ல மனுஷன். ஒரு வெட்டு ஆள் செத்தால் யார் பதில் சொல்வது என்ற பயமும் இருந்தது. மேலே சொன்னார். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே சொன்னார்கள். மில்லு, வேளாண்மை, சுகாதாரம், பஞ்சாயத்து என்று ஒருவர் கடிதத்துக்கு ஒருவர் பதில் போடாத அத்தனை பேரும் யூனியன் ஆபீசில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இல்லாத பாம்புக்காக.

பதினைந்து நாளில் வேப்பமரத்தடியில் பாம்புக்கடி முகாம். ரப்பர் பூட்ஸ் வந்தது. எழில்மதி வந்து கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். பிறகு ராஜாங்கம் எழுந்து புது விதியைச் சொன்னார்.

"இனிமே நடுவுல திட்டு வுடவே கூடாது. மொதல்ல நடுவ வெட்டணும், அப்புறம்தான் ஓரம். வெட்டாத கரும்புக்குள்ள யாரும் போவக் கூடாது. உங்க உசுருக்குத்தான் சொல்றோம்."

பெண்கள் எல்லோரும் மாயவனைப் பார்த்தார்கள். அவன் கையில் இருந்த புது பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இருசம்மாள் எழுந்தாள்.

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல சார். நாங்க ஒண்ணுக்குப் போற எடம் அது. இந்தாளுக்கு அதச் சொல்ல வெக்கம், பாம்பு வுட்டுட்டாரு. நீ நடுவ வெட்டு, வேணாங்கல. நான் தண்ணி குடிக்கறத நிறுத்திக்கறேன்."

ராஜாங்கத்தின் காது சிவந்துவிட்டது.

"மூணு தடவ வந்தீங்களேம்மா," என்றாள் எழில்மதி. "ஒரு வார்த்த சொல்லலியே."

"நீ கேக்கல, நான் சொல்லல. பக்கத்துல ஆம்பள நர்ஸு வேற நின்னுக்கினு இருந்தாரு."

எழில்மதி ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். "சார், இனிமே எனக்கு மாத்திர செலவு கம்மியாவணும்னா அது உங்க கையிலதான் இருக்கு. மறைப்பு ஒண்ணு வேணும்."

"எங்க கையிலயா? வெட்டுக்கு ஒரு பிரிவு, லாரிக்கு ஒரு பிரிவு, எடைக்கு ஒரு பிரிவு கீது. இதுக்கு எந்தப் பிரிவும் இல்ல டாக்டர். நான் யாருகிட்ட போய் நிப்பேன்?"

"பாம்புன்னதும் எல்லாரும் ஒரே மேசையில உக்காந்தோமே. அதே மேசைதான். நானும் வரேன்."

"அங்க போய் இன்னான்னு சொல்றது?"

"பாம்பு செத்துப்பூட்ச்சி, அது இருந்த எடம் மட்டும் வேணும்னு சொல்லு சார்," என்றாள் செவ்வந்தி. அப்போதுதான் ராஜாங்கம் சிரித்தார்.

மேசை இன்னும் கூடவில்லை. மில்லின் வெட்டு உத்தரவில் மறைப்புக்கென்று ஒரு வரி ஏற வேண்டுமென்றால் பல கையெழுத்து வேண்டும், அடுத்த வருஷ வெட்டுக்கே ஏறினால் பெரிய காரியம். ஆனால் அடுத்த வாரம் காலி லாரியில் நான்கு சவுக்குக் கொம்பும் நிழலுக்குக் கட்டும் பச்சை வலை ஒரு சுருளும் வந்து இறங்கின.

"மில்லு நாத்துப் பண்ணையிலேர்ந்து எடுத்தாந்தேன்," என்றார் ராஜாங்கம். "கிழிச்சீங்கன்னா என் தலதான் உருளும்."

வலை ஒரு சுற்றுக்குப் போட்டால் ஆள் தெரிந்தது. இருசம்மாள் இரண்டு சுற்றுப் போட வைத்தாள். கொம்பு சாய்ந்திருக்கிறது என்று மாயவனை மறுபடி குழி தோண்ட வைத்தாள். வாசல் ரோட்டைப் பார்க்கிறது என்று திரும்பவும் பிடுங்க வைத்தாள்.

"வூடு கட்றப்பகூட இவ்ளோ படுத்தலடி நீ."

"வூட்ல நான் எங்க இருக்கேன்? நாளெல்லாம் இங்கதான."

உச்சி வெயிலில் அவன் கேனைக் கொண்டுவந்தான். அவள் நின்றபடி, நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கி, வயிறு குளிரக் குடித்தாள். கொஞ்ச நேரம் கட்டுக் கட்டினாள். பிறகு சேலையில் ஒட்டிய கரும்புச் சோகையைத் தட்டிவிட்டு வலைப் பக்கம் நடந்தாள். மாயவன் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான், காவல்காரன் மாதிரி.

"யோவ்," உள்ளிருந்து குரல் வந்தது. "பாம்பு கீம்பு கீதான்னு பாத்தியா?"

"இருந்தது. பீல்டுமேன் புட்ச்சிக்கினு பூட்டாரு."

அவள் சிரிப்பது வலைக்கு வெளியே கேட்டது.