மாப்பிள்ளை கடலில் இருந்தபோது

சென்னையில் கப்பல் ஏறும்போது மார்ட்டினிடம் எல்லாம் இருந்தது. டயானாவின் வீட்டு வழி, அவள் நம்பர், ஆறு மாதமாகப் பேசிச் சிரித்தது, எல்லாமே கிரிலான் கம்பெனியின் ஆப்பில். கப்பல் நடுக்கடலில் இருந்த மூன்று நாளுக்குள் அந்த ராட்சதக் கம்பெனி திவாலாகி, கதவைச் சாத்திவிட்டது. உலகத்தில் பாதிப்பேரின் படங்களும் மேப்பும் நம்பர்களும் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயின.

கப்பல் போய்ச் சேரும் தீவில், அபர்டீன் பஜாரில் அப்துல் கனியின் துணிக்கடையில் வேலை பார்த்த டயானாவிடமும் அவன் நம்பர் இல்லை. மார்ட்டினும் அவன் அம்மாவும் பெண் பார்க்க வருகிறார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் இருக்கும் இடம் கராச்சர்மா, மாதா கோயிலுக்குப் பக்கம், பெயர் டயானா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஹட்டோ ஜெட்டிக்கு ஓடினாள். எட்டு மணிக்கு வரவேண்டிய கப்பல் ஆறரைக்கே வந்து, ஆட்களை இறக்கிவிட்டிருந்தது.

கடைக்கு வந்து நின்றவளைப் பார்த்து அப்துல் கனி கேட்டார்: "க்யா ஹுவா பேட்டி? முகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

சொன்னாள்.

"அரே, இதுக்கா அழுவுற? நம்ம முருகையா வெளிய மைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். ஏறு."

கடையின் தள்ளுபடி விற்பனையை ஊரெல்லாம் கூவிக்கொண்டிருந்த ஆட்டோ அது. பதிவு செய்த குரலை நிறுத்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்பது கராச்சர்மா தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

"சென்னைல இருந்து வந்த மார்ட்டின், நீங்க எங்க இருந்தாலும்..." என்றாள் டயானா.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!" என்றது ஒலிபெருக்கி.

ஜன்னல்கள் திறந்தன. டயானாவுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

"நிறுத்தாத அக்கா, பேசு பேசு" என்றார் முருகையா.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். "மார்ட்டின்! மார்ட்டின்ஜி, ஆப் கஹாங் ஹே? எங்க இருக்கீங்க? நான்தான் டயானா!"

"எந்த டயானா?" என்று ஒரு வீட்டிலிருந்து பெண் குரல் கேட்டது. வாசலில் ஓர் அம்மாள் கேக் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், வாயில் கேக்கோடு மார்ட்டின்.

டயானாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "இங்க உக்காந்து கேக் சாப்பிடுறீங்களா? நான் ஊரெல்லாம் ஏலம் போடுறேன்!"

மார்ட்டின் அவசரமாக விழுங்கினான். "டயானா வீடு எதுன்னு கேட்டேன். நாலு வீட்டைக் காட்டிட்டாங்க. இது மூணாவது. எல்லா வீட்லயும் டீ குடுத்தாங்க, வேண்டாம்னு சொல்ல முடியல."

கேக் தட்டு அம்மாள் முகம் சுண்டிப்போயிருந்தது. "எங்க டயானாவுக்கும் மாப்பிள்ளை பாத்துட்டுத்தான் இருக்கோம். கடவுளே அனுப்பி வச்சாருன்னு நெனச்சுட்டேன்" என்றவள், தானே முதலில் சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்த அந்த டயானா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

மார்ட்டினின் அம்மா மெல்லப் படியிறங்கி வந்தாள். பயணக் களைப்பு அப்பியிருந்த முகத்தோடு டயானாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மத்த பிள்ளைங்க எல்லாம் நல்ல பிள்ளைங்கதான். ஆனா எம்மவனை மைக்ல கூப்பிட்டுத் தேடுனது நீதான். அவனைக் கட்டுறதுக்கு அந்தத் தைரியம் வேணும்மா."

மத்தியானம் டயானாவின் அம்மா சிசிலியா விருந்தாளிகளுக்காகச் செய்துவைத்திருந்த மீன்குழம்பு போதவில்லை. கேக் வீட்டுக்காரர்களும் முருகையாவும் வந்துவிட்டார்கள். ஜனவரியில் கல்யாணம் என்று முடிவானது. கிரிலான் போனபிறகு யாருக்கும் யார் நம்பரும் தெரியாததால், பத்திரிகையை வீடு வீடாகப் போய்த்தான் கொடுக்கவேண்டும் என்றாள் சிசிலியா. மற்ற டயானாக்களின் வீடுகளிலிருந்து தொடங்கலாம் என்றான் மார்ட்டின்.