வலது தோள் பஞ்சு

பழைய கோட்டு ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் நவமணி புதுத் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். மலேசியாவின் ஈப்போவில் மெஷினைத் தொடாமல் ஆண்களுக்கு அந்தக் காலத்துக் கோட்டு தைப்பதென்றால் சும்மாவா? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரித்துப் பிரித்துத் தானே கற்றுக்கொண்டது.

தாப்பா பக்கத்தில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று இப்போது ஹோட்டலாகியிருக்கிறது. அதன் பின்கட்டு ஸ்டோரில், தகரப் பெட்டிக்குள், நூறு வருசத்து வெள்ளைக் கோட்டு ஒன்று அகப்பட்டது. பூச்சி அரித்துக் கந்தலாகிவிட்டது. அதே மாதிரி, அதே கைத்தையலில் ஒன்று வேண்டும், வரவேற்பறைப் பொம்மைக்குப் போட என்று கொடுத்தனுப்பினாள் மேனேஜர் ஷாமினி.

நவமணி மூன்று மாதம் தைத்தாள். காலருக்குள் கேன்வாஸை விரலில் வளைத்துப் பிடித்து, அரிசி நீளத்துக்குத் தையல் போட்டாள். காஜாவுக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. பழைய கோட்டின் லைனிங்கைப் பிரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இடது தோளில் பஞ்சு ஒரு மடிப்பு, வலது தோளில் நான்கு. போட்டவனுக்கு வலது தோள் இறங்கியிருக்கிறது, அதைச் சரிக்கட்டத்தான் டெய்லர் பஞ்சை அடைத்திருக்கிறான். நவமணியின் அப்பாவுக்கும் அப்படித்தான் இறங்கியிருந்தது. காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டு ஆயுசு முழுக்கச் சுமந்த தோள். அவள் நான்கு மடிப்பையும் அப்படியே வைத்துத் தைத்தாள்.

திறப்பு விழா அன்று காலையில் பொம்மைக்கு மாட்டிப் பார்த்தால், கோட்டின் வலப்பக்கம் எழும்பி நின்றது. கீழே ஓர் அட்டை: 'எஸ்டேட் துரையின் கோட்டு'.

"என்னக்கா கோணலா இருக்கு? அந்தப் பஞ்ச எடுத்துடுங்கலா. பத்து மணிக்கு கெஸ்ட் வந்துருவாங்க" என்றாள் ஷாமினி.

"எடுக்க முடியாது. இது துரை கோட்டு இல்ல, பால் தூக்குன ஆளோடது. அட்டைய மாத்து."

ஷாமினி சிரித்துவிட்டாள். "பால் தூக்குன ஆளுக்கு ஏதுக்கா கோட்டு?"

நவமணிக்குச் சுருக்கென்றது. இவள் தாத்தாவும் இந்தப் பக்கத்தில் எங்கோ பால்மரம் சீவியவராகத்தான் இருப்பார். படித்து மேனேஜராகிக் கேட்கிற கேள்வியைப் பார்!

"ஏன், அவன் தச்சுப் போடக் கூடாதா?"

"துரைக்குத் தோள் சாஞ்சிருக்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். நவமணி வாசலுக்குப் போனாள். வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஹோட்டல் தோட்டக்காரர் இராமசாமியைக் கூப்பிட்டாள். இதே எஸ்டேட்டில், அதை விற்கும்வரை, முப்பது வருசம் காண்டா தூக்கியவர் அவர்.

"அண்ணே, கையக் கழுவிட்டு வாங்க. இதப் போட்டுப் பாருங்க."

"எனக்கா? வேணாம்லா, அழுக்காயிரும்."

"ஆனா நான் தொவைக்கிறேன். போடுங்க."

போட்டார். பட்டனை அவளே மாட்டினாள். பொம்மைமேல் எழும்பி நின்ற வலது பக்கம் படிந்து உட்கார்ந்தது. இரண்டு தோளும் ஒரே மட்டம். கண்ணாடியைப் பார்த்த இராமசாமி தன்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்தினார். நவமணி காலரை நீவிவிட்டாள். அவளுக்குக் கர்வமாக இருந்தது.

ஷாமினியின் சிரிப்பு போய்விட்டது. "தெரியுதுக்கா. ஆனா துரை கோட்டுன்னுதான் பாஸ் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. இன்னிக்கு மட்டும் விட்டுக்கொடுங்க, நாளைக்கு மாத்திக்கலாம்."

"நாளைக்கு மாத்துறதுன்னா கோட்டையும் நாளைக்கு வந்து வாங்கிக்க. இன்னும் நான் ஒப்படைக்கல. இது என் கோட்டு."

இராமசாமி பட்டனைக் கழற்றப் போனார். நவமணி தடுத்தாள். "கழட்டாதீங்கண்ணே. முன்வாசல் வழியாப் போலாம். உங்க வேலைக்குப் பயமா இருந்தா மட்டும் சொல்லுங்க."

"போனா போவுதுலா" என்றார் இராமசாமி, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

வாசலில் முதல் கார் வந்து நின்றது. ஷாமினி பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, அப்ப பொம்மைக்கு என்னத்தப் போடுறது?"

நவமணி படியில் நின்று திரும்பினாள்.

"உன் துரையோட கோட்டத் தேடிப் பிடிச்சுக் கொண்டா. அந்தத் தோள் எதத் தூக்குச்சு? பஞ்சே வைக்காம தச்சுத் தாரேன்."