தும்பி என்பதற்கு எழுத்தில் சான்று

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு வக்கீல் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே அது கதையாகிவிட்டது. பதிலுக்கு இருபது நாள் கெடு. இன்று பதினேழாவது நாள். ஆகவே வாசகரே, வர்ணனையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்தச் சின்னக் கடையின் (வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

இரண்டாவது: என் சித்தி பைகளுக்கு ஜிப் பழுதுபார்ப்பவள். தடித்த கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகத் தெரிவதால் தெருவே அவளைத் தும்பி என்று கூப்பிடும். நான்கு வருடம் முன்பு அந்தப் பெயரிலேயே ஓர் இணைய முகவரி பதிவுசெய்து கொடுத்தேன். பையைப் படமெடுத்து அனுப்பினால், தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள். பாதி வேலை அப்படித்தான் வருகிறது. இப்போது, தும்பி என்ற பெயரில் பை விற்கும் பெரிய கம்பெனி, அது தன் வணிகச் சின்னம், முகவரியைக் கொடு என்கிறது.

சரி, இதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

3

(கட்டுரைப் பகுதி. பொறுத்துக்கொள்ளுங்கள்.) இந்த வழக்கில் நடுவர் ஒருவர் காகிதங்களை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்வார். கம்பெனி மூன்றைக் காட்ட வேண்டும், ஒன்று தவறினாலும் தோற்கும்: முகவரி அவர்கள் சின்னத்தைப் போலவே இருக்கிறது, அதில் எங்களுக்கு உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவுசெய்தோம். முதலாவதில் அவர்கள் பாஸ். இரண்டாவதில்தான் எங்களுக்கு வழி. சித்தி அந்தப் பெயராலேயே அறியப்படுகிறவள் என்று நாங்கள் காட்டலாம். ஆனால் எழுத்தில் காட்ட வேண்டும்.

சித்தியின் ரேஷன், ஆதார் என்று எந்த அட்டையிலும் தும்பி இல்லை.*

* எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். மாத்திரை அட்டை முதல் வக்கீல் கடிதம் வரை எல்லாம் என் தலையில். படித்தது இதற்குத்தானே என்பார் மாமா. சிரிக்காமல்.

4

வாடிக்கையாளர்களிடம் கடிதம் கேட்டேன். இவரைத் தும்பி என்றே அறிவோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். பதினொரு பேர் கொடுத்தார்கள். ஒன்றில்கூடத் தும்பி இல்லை. நடுவரிடம் போகிற காகிதம் என்றதும் எல்லாருக்கும் மரியாதை பொங்கிவிட்டது. ‘மதிப்பிற்குரிய அம்மையார்’ என்று தொடங்கி, சித்தியிடமே கேட்டு, அட்டையிலுள்ள பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தார்கள். தெருமுனையிலிருந்தே “ஏ தும்பி” என்று கத்துகிற பஸ் டிரைவர் உட்பட.

“அதெப்படிம்மா, ஆபீஸ் காகிதத்துல போய் பட்டப்பேர எழுதறது? அவங்களுக்குத்தானே அசிங்கம்” என்றார் அவர்.

திருத்தி எழுதித் தரச் சொன்னேன். பதினொரு பேரும் என்னைத்தான் படித்த பெண் இப்படியா என்பதுபோல் பார்த்தார்கள்.

5

இங்கே ஒரு பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம்: கதை சொல்பவள். அவளுக்குப் பதினொரு குரலில் எழுத வரும். டிரைவர் பெயரில் ஒரு கடிதத்தை எழுதியும்விட்டாள். சித்தி எட்டிப் படித்துவிட்டு, ஜிப் பல்லில் ரன்னரை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

“கெட்ட எண்ணம்னு அவன் எழுதினது பொய்னுதானே இத்தன நாள் குதிச்ச? இப்ப நீயே அத நெசமாக்குறியா?”

“அப்ப அட்ரஸ் போயிடும் சித்தி. படம் அனுப்பறவங்கள்லாம் கம்பெனிக்குத்தான் போவாங்க. புதுப் பை வாங்குங்கன்னு அவன் சொல்லுவான்.”

சித்தி ரன்னரைக் கீழே வைத்துவிட்டு, கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

6

முடிவு ஒன்று: நடுவர் மனம் உருகுகிறார். (காகிதம் படிப்பவர்கள் எங்கே உருகுகிறார்கள்?)

முடிவு இரண்டு: கம்பெனி முதலாளியின் பெட்டி ஜிப் ஒருநாள் அறுந்து, அவர் நேரே (சீ.)

முடிவு மூன்றை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, பின்னால் போய்ப் பாருங்கள். என் சித்தியின் அட்டைப் பெயரை உங்களுக்குச் சொல்லவே இல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அவளை ஒரே ஒரு பெயரில்தான் தெரியும், அதில் பொய்யில்லை.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள். தயவுசெய்து மரியாதை வேண்டாம்.