கீழ்க்குரல்

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தம்பி திரும்பினான். நாற்காலியில் இருந்த அக்கா விரலை மேலே நீட்டினாள். மின்விசிறி. அதையும் நிறுத்தினான். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி, குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

"இன்னொண்ணு இருக்குடா," என்றாள் அக்கா.

அது எது என்று இருவருக்கும் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் தூங்குகிற நாயைப்போல உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாய் அக்காவின் மூக்கில் வந்து முடிந்தது. தம்பி தச்சன். போன வாரம் அந்த மெஷினுக்கு ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே பஞ்சு ஒட்டி மூடிப் பார்த்தான். சத்தம் நன்றாகவே அடங்கியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மெஷின் சூடேறிக் கூவத் தொடங்கிவிட்டது. "என்னைப் பெட்டியில போட்டாலும் இப்படித்தான் கத்துவேன், பாத்துக்கோ," என்று சொல்லி, சிரிக்கப் போய் மூச்சு வாங்கினாள் அக்கா.

அடுப்படியிலிருந்து அக்காவின் மகள் வந்தாள். "அதை நிறுத்தக் கூடாது. மாமா, நீங்களாவது சொல்லுங்க. பேசவே வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவங்க பாடணுமாம்."

"பாட வேண்டாம்னு அவர் சொல்லலையே," என்றாள் அக்கா.

"அம்மா!"

"குட்டி, இங்க பாரு. கடைசி வரிதான் பாக்கி. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். நான் அனுப்பலைன்னா அத்தனை பேர் பாட்டும் அந்தரத்துல நிக்கும். ஒரு தடவை பாடுற நேரம் நிறுத்தினா போதும். அப்புறம் போட்டுடு. நான் என்ன ஓடவா போறேன்?"

மகள் தம்பியைப் பார்த்தாள். தம்பி மெஷினைப் பார்த்தான். மகள் அடுப்படிக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். கோபத்திலும் அவள் சத்தமில்லாமல் சாத்தினாள் என்பதைத் தம்பி கவனித்தான்.

அக்கா பேருந்தில் நடத்துநராக இருந்தவள். வேலைக்காலம் முழுக்கக் கூட்டத்தை உள்ளே தள்ளியும், படியில் தொங்குகிறவர்களைத் திட்டியும், நிறுத்தங்களைக் கூவியும் அவள் குரல் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆகியிருந்தது. ஓய்வு பெற்ற வருடம் அது மொத்தமாகவே நின்றுபோனது. குரல் நாண்களில் முடிச்சு என்றார் தொண்டை மருத்துவர். சில மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அது பெரிய நிம்மதி என்று பின்னால் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

குரலுக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தர் அவளுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். டம்ளர் தண்ணீரில் உறிஞ்சு குழாயை வைத்துக் குமிழி விட்டபடி 'ஊ' என்று இழுப்பது. உதட்டை அதிரவிட்டு, கிளம்ப மறுக்கிற ஸ்கூட்டர் மாதிரி 'புர்ர்ர்' என்று ஏறி இறங்குவது. தோளைத் தூக்காமல் வயிற்றில் மூச்சை நிரப்பி, பொட்டுப் பொட்டாக விடுவது. அக்கா இவற்றைப் பேய்பிடித்த மாதிரி செய்தாள். பழைய குரல் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. தடித்த, தாழ்ந்த, கொஞ்சம் புகை கலந்த குரல். பேசும்போது சாதாரணமாக இருக்கும். பாடினால் அந்த அதிர்வைக் காலடித் தரையிலேயே உணரலாம்.

பக்கத்தில் பாட்டு வகுப்பு நடத்துகிறவர் அதைக் கேட்டுவிட்டு, "இது பொம்பளைங்க வரிசையிலயும் சேராது, ஆம்பளைங்க வரிசையிலயும் சேராது," என்று திருப்பி அனுப்பினார். "அப்போ ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஸ்டூல் போடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள் அக்கா.

பிறகுதான் அந்தக் குழுவைக் கைப்பேசியில் கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு ஊர். அவரவர் வீட்டில் அவரவர் பாகத்தைப் பாடிப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒருவர் அதையெல்லாம் ஒட்டி ஒரே பாட்டாக்குவார். அதனால் அவருக்குப் பேர் கோந்து. உச்சியில் பாடுகிற பெண் விசில். இன்னும் இரண்டு பேர் உண்டு. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அக்காவுக்கு அவர்கள் வைத்த பேர் அஸ்திவாரம்.

அவளுக்காகத் தம்பி துணி அலமாரியின் தட்டுகளைக் கழற்றினான். இரண்டு பக்கமும் புடவைகளும் போர்வைகளும் தொங்க, நடுவில் மைக். எதிரொலி துணியிலேயே செத்துவிடும். மைக்குக்கு முன்னால், கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலான் காலுறை. 'ப' வரும்போது காற்று மோதாமல் இருக்க. வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

இதயம் பெருத்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு ஒரே மூச்சில் பாட முடியவில்லை. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. வரிவரியாகப் பாடினாள். பிறகு பாதி வரி. நல்லதைப் பொறுக்கித் தம்பி சேர்த்தான். அவனுக்குப் பலகையில் இணைப்புத் தெரியாமல் இழைக்கத் தெரியும். இது அதைவிடச் சுலபம் என்று கண்டுகொண்டான்.

இப்போது நாற்காலியை அலமாரிக்கு முன்னால் நகர்த்தினான். அக்கா மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். மற்றவர்களின் குரல்கள் அதில் கசிவது அவனுக்கும் கேட்டது. அவன் ஸ்விட்சில் விரலை வைத்தான்.

அவள் தலையசைத்ததும் நிறுத்தினான்.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதே இல்லை. அக்கா வயிறு உப்ப மூச்செடுத்தாள். பாடினாள். கடைசிச் சொல்லுக்கு முன் குரல் அறுந்தது. கையை ஆட்டினாள். மெஷினைப் போட்டான். குழாயை மூக்கில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நீலம் மெல்ல வடிந்தது.

"போதும்க்கா."

"வாயை மூடுடா, தொழில் நேரத்துல."

மறுபடி. கடைசிச் சொல் வந்தது, சுருதி இறங்கிவிட்டது. அதை அவளே கண்டுபிடித்து முகம் சுளித்தாள். மெஷின். மறுபடி. இந்த முறை அவள் அவனைப் பார்க்கவில்லை. முன்னால் தொங்கிய பச்சைப் போர்வையைப் பார்த்து, நெடுநாள் தெரிந்த ஒருவரிடம் சொல்வதுபோலப் பாடினாள். கடைசிச் சொல்லை இழுத்து, அதை அவளாகவே கீழே இறக்கி வைத்தாள்.

அவன் ஸ்விட்சைப் போட்டான். அக்கா பதிவைக் கேட்டுப் பார்த்தாள். "இதுதான். அனுப்பு," என்றாள். "பசிக்குது."

கஞ்சி குடித்தாள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தலைமுடி கொட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் கடிந்துகொண்டாள். தூக்கம் வருகிறது என்று படுத்தாள். சாயங்காலம் விளக்குப் போட வந்த மகள் அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மருத்துவர் வந்து போனார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார். அவர் போன பிறகு மகள் தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

"எத்தனை தடவை நிறுத்தினீங்க, மாமா?"

"அவ சொன்ன ஒவ்வொரு தடவையும். மூணு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இரவு முழுக்க அவனோடு பேசவும் இல்லை.

காலையில் முன்னறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பழைய டிப்போ ஆட்கள் வந்தார்கள், தெருவில் உள்ளவர்கள் வந்தார்கள். பிறகு யாருக்கும் தெரியாத நான்கு பேர் வாசலில் செருப்பைக் கழற்றத் தயங்கி நின்றார்கள். பயணக் கசங்கலோடு இருந்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருங்க?" என்று கேட்டாள் மகள்.

பருத்த உடம்புக்காரப் பெண் ஒருத்தி வாயைத் திறந்தாள். "உள்ள வரலாமா?" என்றாள்.

தம்பி எழுந்துவிட்டான். "விசில்," என்றான். அந்தக் குரலை ஹெட்ஃபோனின் ஓரத்தில் எத்தனை நாள் கேட்டிருக்கிறான். அவன் மனதில் அவள் ஒல்லியாக இருந்தாள். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் தொண்டையைச் செருமியதுமே அவன், "நீங்க கோந்து," என்றான். அவர் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். நேற்று அவன் அனுப்பிய சேதியைப் பார்த்ததும் கிளம்பியிருக்கிறார்கள்.

நால்வரும் அக்காவின் அருகில் நின்றார்கள். "இவ்வளவு சின்ன உருவமா?" என்றாள் விசில், யாரிடமும் இல்லாமல்.

மகள் கோந்துவின் பக்கம் திரும்பினாள். "அது வந்துச்சா? அம்மா பாடினது?"

"வந்தது."

"நல்லா இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "நல்லா இருந்துச்சுன்னு சொன்னா குறைச்சு சொன்ன மாதிரி இருக்கும். நான் இன்னும் ஒட்டலை. கை வரலை."

"நான் கேக்கணும்."

"இப்பவா?"

"எடுக்கிறதுக்கு முன்னாடி."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோந்து விரலால் தொடையில் தாளம் தட்டினார். பாடத் தொடங்கினார்கள். முதல் வரியில் இரண்டு பேர் முந்திப் பிந்திப் போனார்கள். ஒரே அறையில் நின்று அவர்கள் பாடுவது இதுதான் முதல் தடவை. அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கோ பாட்டு தரையைத் தொடாமல் மிதந்தது.

"என்னமோ குறையுதே," என்றாள் மகள்.

"அது உங்க அம்மாவோட இடம்," என்றாள் விசில்.

தம்பி உள்ளே போனான். கணினியையும் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்து அக்காவின் கால்மாட்டில் வைத்தான். கோந்துவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஓடவிட்டான். அக்கா பாட ஆரம்பித்தாள். நால்வரும் அவள் குரலின்மேல் ஏறிக்கொண்டார்கள். இப்போது ஒருவரும் முந்தவில்லை. அவள் இழுத்த இடத்தில் இழுத்தார்கள், விட்ட இடத்தில் விட்டார்கள். டிப்போ ஆட்களில் ஒருவர், "அட, நம்ம ஆளா இது," என்று பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார்.

கடைசி வரி வந்தது. மகள் தம்பியின் அருகில் வந்து நின்றாள். அந்தச் சொல்லை அம்மா கீழே இறக்கி வைக்கும்வரை அவன் சட்டைக் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

"இதையா மூணாவது தடவை பாடினாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. ரெண்டாவது அவளுக்குப் பிடிக்கலை."

"பிடிச்சிருக்காது," என்றாள் மகள்.

எல்லாம் முடிந்து மதியம் நால்வரும் விடைபெற்றுக்கொண்டார்கள். தம்பி வாசல்வரை போனான். தெருமுனைக்குப் போனதும் அவர்கள் நின்றுவிட்டார்கள். முதல் வரியில் அவசரப்பட்டது யார் என்று விசிலுக்கும் இன்னொருவருக்கும் வாக்குவாதம். கோந்து நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். விசில் அந்த இடத்தைப் பாடியே காட்டினாள். மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை; அவரும் பாடிக் காட்டினார். மணியடித்தபடி வந்த சைக்கிள் ஒன்று அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "யாரு சொல்றது சரி, மாமா?"

"தெரியலை."

முனையில் கோந்து தொடையில் தட்டினார். நால்வரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.